அணைக்காத சூடம்

தட்டில் வெற்றிலை மேல் சூடம் எரிந்துகொண்டிருந்தது. பூங்குன்றன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மோட்டார் பழுது பார்க்கிறவன்.

"சூடத்தை அணைச்சுச் சத்தியமாச் சொல்லுப்பா, பேச்சித்தாய் அன்னைக்கு உன் பட்டறையிலதான் இருந்தாள்னு," என்றார் நல்லசிவம். ஊர்ப் பஞ்சாயத்தை நடத்துகிறவர். வயது அறுபத்தாறு.

"இருந்தாங்க. வெள்ளிக்கிழமை மதியம் பூரா. அவங்க கிரைண்டரைப் பிரிச்சுப் போட்டிருந்தேன். முடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க."

"அதையே சூடத்தை அணைச்சுச் சொல்லு."

"எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாதுங்க. நான் அணைச்சா உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிரும். சும்மாவே சொல்றேன், கேட்டுக்குங்க."

கூட்டம் சிரித்தது.

"சாமிக்கே பயப்படாதவன் நமக்கா பயப்படப் போறான்?"

"இவனுக்குக் கரண்டுதான்யா சாமி!"

"தொட்டுப் பாருங்க மாமா," என்றான் பூங்குன்றன். "இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிரும்."

யாரும் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம்தான் கோயில் கைமணி காணாமல் போனது. கோயில் கூட்டுகிற பேச்சித்தாய் அதை மடியில் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாகப் பூக்கடைத் தணிகாசலம் சூடம் அணைத்துச் சொன்னார். எடுக்கவில்லை என்று பேச்சித்தாயும் சூடம் அணைத்துச் சொன்னாள். மூன்றாவது ஆள் பூங்குன்றன். அவன் சாட்சி செல்லாது என்றால் பேச்சித்தாயின் இருபது வருஷ வேலை போய்விடும். கோயில் வாசலையும் இனி அவள் மிதிக்கக் கூடாது.

"சாயங்காலம் முடிவு சொல்றேன்," என்று நல்லசிவம் எழுந்தார்.

நேராக மலையடி மடத்துக்கு நடந்தார். அருளம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நல்லசிவத்தைவிடப் பதினெட்டு வயது இளையவர். பன்னிரண்டு வருஷமாக அவருக்குக் குரு.

நடந்ததைச் சொல்லிவிட்டு நல்லசிவம் கேட்டார்: "சாமியை நம்பாதவன் பேச்சை நான் எப்படிம்மா நம்பறது?"

"இதுவரைக்கும் எத்தனை பஞ்சாயத்துப் பேசியிருப்பீங்க ஐயா?"

"அம்பது அறுபது இருக்கும்."

"சூடத்துக்குப் பயந்து உண்மையைச் சொன்னவங்க எத்தனை பேர்?"

அவர் யோசித்தார். "பஞ்சவர்ணம்னு ஒருத்தி. ஆட்டு விவகாரத்துல. தட்டுக்கிட்ட வந்து கையை இழுத்துக்கிட்டா."

"மத்தவங்க?"

"ரெண்டு பக்கமும் அணைச்சிருவாங்க."

"ரெண்டு பக்கமுமா?"

நல்லசிவம் தலையை ஆட்டினார்.

அருளம்மை ஒரு பழுப்பு இலையைக் கிள்ளிப் போட்டார். "இன்னைக்கு?"

"இன்னைக்கும்தான். தணிகாசலமும் அணைச்சார். அவளும் அணைச்சா."

"பூங்குன்றனுக்கு அது வெறும் சூடம்தானே. அணைச்சிருந்தா அவனுக்கு என்ன நஷ்டம்?"

"ஒண்ணுமில்லை. சாட்சியை எடுத்துக்கிட்டிருப்போம். அந்தப் பொம்பளையும் தப்பிச்சிருப்பா."

"பாவம், அது அவனுக்குத் தெரியலை போல."

"தெரியும்மா." நல்லசிவத்தின் குரல் இறங்கியது. "நானே தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். 'சும்மா கையை வச்சு அணைச்சுட்டுப் போடா, உனக்குத்தான் சாமி இல்லையே, அப்புறம் என்ன'ன்னு."

கீரை ஆய்ந்த கை நின்றது. "என்ன சொன்னான்?"

"'உங்களுக்கு இருக்கே மாமா'ன்னான்."

வெளியே யாரோ சைக்கிளைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்துப் போனார்கள்.

"அவன் சாமியை நம்பலை. சரி," என்றார் அருளம்மை. "சாமி அவனை நம்புமா நம்பாதா? அதை மட்டும் சொல்லுங்க."

நல்லசிவம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பேச்சித்தாயை நாளைக்கு வழக்கம்போல வந்து கூட்டச் சொல்லிடறேன்மா."

"சொல்லுங்க."

வாசல் வரை போனவர் திரும்பினார். "ஊர்ல சும்மா விடமாட்டாங்க. சூடம் அணைக்காத சாட்சியை எப்படி எடுத்துக்கிட்டேன்னு கேப்பாங்க. என்னம்மா சொல்ல?"

அருளம்மை அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தார்.

"சூடம் ஏத்தறது எதுக்கு ஐயா?"

"உண்மை வரணும்னுதான்."

"அணைக்கறதுக்கு முன்னாடியே வந்துருச்சுன்னு சொல்லுங்க."