கீழவீதி வீடு யாருடையது?

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை அனந்தமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. புறா விடுவான், புறா விடாத நேரத்தில் கொட்டாவி விடுவான். நாட்டை ஆண்டது பிரதானி மதிவாணர். அதாவது, மதிவாணரின் வாய்.

பௌர்ணமிதோறும் அங்கே வினா நாள். ஊருக்கு ஒருவர் சபைக்கு வந்து பிரதானியைக் கேள்வி கேட்கலாம். ராஜா முன்னிலையில் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ராஜாவின் தாத்தா போட்ட சட்டம் அது. ஆனால் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தாத்தா எழுதி வைக்கவில்லை. அந்த ஓட்டைக்குள் மதிவாணர் குடித்தனமே நடத்திவந்தார். "பாலம் ஏன் இடிந்தது?" என்று கேட்டால், பாலம் கட்டும் எண்ணம் மனித குலத்துக்கு எப்படி வந்தது என்று ஆரம்பிப்பார். நடுவில் முந்தைய பிரதானியைத் திட்டுவார். முடிவில் ராஜாவைப் புகழ்வார். சபை கைதட்டும். கேட்டவன் என்ன கேட்டோம் என்பதையே மறந்து வீடு போய்ச் சேருவான்.

நெடுங்குளத்துப் பவளாயி மறக்கவில்லை. "எங்க குளத்து மடைக்குப் பலகை எப்போ வரும்?" என்று போன பௌர்ணமிக்குக் கேட்டிருந்தாள். மடைக்குப் பலகை இல்லாவிட்டால் குளத்தில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காவிட்டால் அந்த வருஷம் ஊருக்குச் சோறு கிடையாது. பலகைக்காக ராஜா தன் காட்டுத் தேக்கை எப்போதோ கொடுத்துவிட்டான். மதிவாணரோ நதிகளின் பெருமையை விரிவாகப் பேசி அவளை அனுப்பிவைத்தார். வேறு என்ன செய்வார், பாவம்? அந்தத் தேக்கு, கீழவீதியில் அவர் கமுக்கமாகக் கட்டிய புது வீட்டுக்கு வாசல் கதவாகிவிட்டது. "என் பிரதானிக்குச் சொந்தமாக ஒரு குடிசைகூடக் கிடையாது!" என்று ராஜா பெருமையடித்துக்கொண்டு, அவருக்கு 'எளிமைத் திலகம்' என்று பட்டம் வேறு கொடுத்திருந்தான்.

இந்தப் பௌர்ணமிக்குள் வானம் கறுத்துவிட்டது. பவளாயி மறுபடி வந்து நின்றாள். மதிவாணர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வரட்டும், இந்தத் தடவை கடல்களின் பெருமையைப் பேசிவிடலாம்.

வழக்கப்படி முதலில் தெருவில் திரிந்த மாடு ஒன்றைப் பிடித்துவந்தார்கள். பிடித்துவந்த ஊர்க்காரர், "இது யாருடையது?" என்று மூன்று முறை கேட்டார். சபையில் யாரும் 'என்னுடையது' என்று சொல்லாத பொருள், கேட்ட ஊருக்குச் சொந்தம். அதுவும் தாத்தா போட்ட சட்டம்தான். மாட்டை அந்த ஊர்க்காரரே ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்து பவளாயி முன்னால் வந்தாள். "பிரதானி ஐயா, கீழவீதியில பெரிய தேக்குக் கதவு போட்டு ஒரு புது வீடு நிக்குதே, அது யாருடையது?"

மதிவாணருக்குச் சிரிப்பு நின்றது. தன்னுடையது என்றால் பட்டம் போய்விடும். தேக்கு எங்கே கிடைத்தது என்று அடுத்த கேள்வி வரும். மைத்துனனுடையது என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பயல் நிஜமாகவே வீட்டை அமுக்கிக்கொள்வான். ஆகவே வாயை நம்பி இறங்கினார்.

"வீடு என்றால் என்ன? நான்கு சுவர்களா? நம் மன்னரின் ஆட்சியில் ஒவ்வொரு நெஞ்சமும் ஒரு வீடு!"

சபை கைதட்டியது.

"நல்லாச் சொன்னீங்க. அந்த வீடு யாருடையது?"

"முந்தைய பிரதானியின் காலத்தில் எத்தனை பேருக்குக் கூரை இருந்தது? அதை ஏன் நீ கேட்கவில்லை அம்மா?"

மறுபடி கைதட்டல். ராஜாவின் கொட்டாவி பாதியில் நின்றது. "பிரதானியாரே, அவள் கேட்பது சின்னக் கேள்விதானே?"

"சின்னக் கேள்விக்குத்தான் மன்னா, ஆழ்ந்த பதில் தேவைப்படுகிறது."

"சரிங்க ஐயா, மூணாந்தடவையாக் கேக்குறேன். அந்த வீடு யாருடையது?"

"அதை ஆராய அறிஞர் குழு ஒன்றை அமைப்பது பற்றித் தக்க தருணத்தில் தக்கவர்களோடு கலந்து பேசுவோம்!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். மதிவாணர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிடி கொடுக்காமல் தப்பித்தாயிற்று.

பவளாயி ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டாள். "மகாராசா, மூணு தடவை கேட்டாச்சு. என்னோடதுன்னு இங்க ஒரு வாயும் சொல்லலை. அந்த வீடு எங்க ஊருக்குச் சொந்தம். அதுல யாரு வந்து குடியிருக்கப் போறோம்? கதவைக் கழட்டிக்கிட்டுப் போறோம், மடைக்கு ஆகும்."

மதிவாணர் துள்ளி எழுந்தார். "மன்னா! அது என்..."

பிறந்ததிலிருந்து நிற்காத வாய் அங்கே நின்றது.

"என்?" என்றான் ராஜா.

"என்... என்ன அருமையான முடிவு என்று சொல்ல வந்தேன்."

அந்தக் கதவைத் தானும் பார்க்க வேண்டும் என்றான் ராஜா. கழற்றி வண்டியில் ஏற்றிச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். புரட்டிப் பார்த்தால், உள்பக்கத்தில் அரண்மனைக் காட்டின் சூட்டு முத்திரை. வீட்டுக்குள் இருந்த பிரதானியின் மனைவி, "எங்க வீட்டுக் கதவை ஏண்டா பிடுங்குறீங்க?" என்று வண்டியோடு கத்திக்கொண்டே சபை வரைக்கும் வந்துவிட்டாள். வீடு யாருடையது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த ஒரே நேரான பதில் அதுதான்.

ராஜாவுக்கு அவமானமாக இருந்தது. திருடனுக்குப் பட்டம் கட்டியதும் அவன்தான், கொட்டாவிக்கு நடுவே தலையாட்டியதும் அவன்தான். பட்டத்தைப் பிடுங்கினான். "மதிவாணர் நெடுங்குளத்தில் கரைக்கு மண் சுமக்கட்டும்!" என்றான். பவளாயிக்குத் தன் கைக் கடகத்தைக் கழற்றி நீட்டினான்.

"கடகம் கிடக்கட்டும் மகாராசா. மழைக்கு முந்தி ரெண்டு தச்சரை அனுப்புங்க" என்றாள் அவள். அன்றே அனுப்பினான்.

மடையில் பலகை இறங்கிய நாளில், மதிவாணர் தலையில் மண்கூடையோடு கரையேறிக்கொண்டிருந்தார். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மண்வெட்டியோடு நின்ற பவளாயிக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

"கூடை கனக்குதா ஐயா? ஆமான்னு சொல்லுங்க, பாதியை இறக்கிடுறேன்."

மதிவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முந்தைய பிரதானியின் காலத்தில் கூடைகள் எந்த நிலையில் இருந்தன என்றால்..."

பவளாயி கூடையில் இன்னொரு வெட்டு மண் போட்டாள்.