போல்ட்டு இல்லாத சுருள்

கோவைக்குத் தெற்கே, கார் ரேஸ் ஓடுகிற தடத்துக்குப் பக்கத்தில் ரெஜினா ஒரு பட்டறை வைத்திருந்தாள். ரேஸ் கார்களுக்கு ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். அவளிடம் வேலை பழக வந்தவர் செங்கோட்டுவேல். குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சீடருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதில் இரண்டு பேருக்குமே கூச்சமில்லை.

அதுவரைக்கும் அவர் சங்ககிரியில் லாரிக்கு ஸ்ப்ரிங் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அச்சோடு சேர்த்து யூ போல்ட்டால் இறுக்க வேண்டும். ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி, ஆள் தொங்கி இறுக்குவார்கள். இறுக்காத பட்டை ஆளைக் கொன்றுவிடும். அவர் படித்த படிப்பு அதுதான்.

கடையை மச்சானிடம் விட்டுவிட்டு இங்கே வந்ததற்குக் காரணம் மகள் கோகிலவாணி. அவளுக்குக் கார் ரேஸ் கிறுக்கு. ஓட்டுகிறவள் ஓட்டிக்கொள்ளட்டும், சக்கரத்தை நான்தான் மாட்டுவேன் என்று கூடவே வந்துவிட்டார்.

வந்த அன்றைக்கே கேட்டார். கார் ஸ்டாண்டு மேல் நின்றது, சக்கரம் கழற்றியிருந்தது. ஷாக் அப்சார்பர் நெட்டுக்குத்தாக நிற்க, அதைச் சுற்றி ஸ்ப்ரிங் சுருள். கீழே ஒரு தட்டு, மரையில் ஏறி இறங்குகிற மாதிரி. மேலே ஒரு தட்டு. அவ்வளவுதான். இரண்டு விரலால் சுருளைத் திருப்பிப் பார்த்தார். திரும்பியது.

“ஏனுங்க அம்மிணி, இந்த ஸ்ப்ரிங்குக்கு போல்ட்டு எங்கீங்க?”

“இல்லீங்ணா.”

“வெல்டு வெச்சிருக்குதுங்களா?”

“அதுவும் இல்ல. தட்டு மேல உக்காந்திருக்கு.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

“மேல மெல்லிசா இன்னொரு சுருள் இருக்குதே, அது புடிச்சிருக்குதுங்களா?”

“சக்கரம் தொங்கறப்ப பெரிய சுருள் தட்டை விட்டு நகராம அது பாத்துக்கும். பாரம் வந்துட்டா அது படுத்துக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை.

ரேஸ் நாள் வந்தது. கோகிலாவுக்கு அதுதான் முதல் ரேஸ், மத்தியானம் ஓட வேண்டும். காலையில் தடத்தைச் சுற்றிப் பழகிவிட்டு வந்தவள், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

“அக்கா, வளைவுல திருப்பறப்ப முன்னால டக்குனு ஒரு குத்து குத்துது. ஸ்டியரிங் கையை உதைக்குது.”

காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். ரெஜினா குனிந்து பார்த்தாள். சுருளின் மேல்முனை மேல் தட்டோடும், கீழ்முனை கீழ்த் தட்டோடும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. லாரிக்காரர் முறுக்கு. அசைக்க முடியவில்லை.

“இது யார் கட்டினது?”

“நான்தானுங்க. நேத்துச் சாயங்காலம். ஓடறப்ப எகிறிப் போயிருச்சுன்னா?”

கோகிலா சிரித்துவிட்டாள். “ஏம்ப்பா, எருமையைக் கட்டற மாதிரியா கட்டுவீங்க?”

“நீ சும்மா இரு. உள்ள உக்காரப் போறது நானா, நீயா?”



ரெஜினா திட்டவில்லை. பழைய ஸ்ப்ரிங் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அமுக்குகிற பிரஸ்ஸில் நிறுத்தினாள். சுருளில் ஆரம்பித்து அடித்தட்டு வரைக்கும் நேராக ஒரு சாக்பீஸ் கோடு போட்டாள்.

“அமுக்குங்ணா.”

அவர் கைப்பிடியை ஏற்றி இறக்கினார். சுருள் குறுகியது. கோடு முறிந்தது. தட்டிலிருந்த பாதி அங்கேயே நிற்க, சுருளிலிருந்த பாதி ஒரு நகத்தளவு தள்ளிப் போயிருந்தது.

“அட, திரும்புதுங்க.”

“அமுங்கறப்ப கொஞ்சம் சுத்திக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினா அதும் கூடவே திரும்பணும். இப்ப நீங்க கட்டின மாதிரியே கட்டி அமுக்குங்க.”

கட்டினார். அமுக்கினார். சுருள் சுற்றிக்கொள்ளப் பார்த்தது, முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து வயிற்றைத் தள்ளியது. இன்னும் கொஞ்சம் அமுக்கியதும் கம்பி டங்கென்று அறுந்து சுவரில் போய் விழுந்தது.

செங்கோட்டுவேல் கைப்பிடியை விட்டுவிட்டார். அறுந்த கம்பியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் இப்போது சிரிக்கவில்லை.

கட்டிங் பிளையரை எடுத்துக்கொண்டு போய்க் காரிலிருந்த கட்டுகளை அவரே வெட்டினார். நாலு சக்கரத்துக்கும் கட்டியிருந்தார். சக்கரங்களைத் திரும்ப மாட்டி இறுக்கினார். மகள் உள்ளே ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். தடத்திலிருந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். கார் இன்னும் ஸ்டாண்டு மேலேயே இருந்தது. அவர் எழுந்திருக்காமல் முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

“அம்மிணி.”

“சொல்லுங்ணா.”

“கட்டினா தப்புன்னு கண்ணால பாத்துட்டனுங்க. ஆனா ஒரு புடிப்பும் இல்லாம எப்படீங்க அனுப்பறது? எம் புள்ளை உள்ள இருக்கறா. எதுங்க அந்தச் சுருளைப் புடிச்சு நிறுத்தும்?”

ரெஜினா ஜாக்கியின் கம்பியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“வண்டியோட பாரம்தான் புடிக்கும். நீங்க தூக்கியே வெச்சிருக்கீங்ணா. இறக்குங்க.”