சுவரில் விழுந்த கைகள்

ஒரு ஊரில் ஒரு கல்லூரி இருந்தது. அந்தக் கல்லூரிக்கு ஒரு மைதானம். மைதானத்துக்கு ஒரு வாத்தியார், வைரமணி என்று பெயர், வயது ஐம்பத்திரண்டு. அவருக்கும் ஒரு குரு உண்டு. குருவுக்கு வயது முப்பத்தொன்று.

சிரிக்க வேண்டாம், அப்படித்தான் இருந்தது. ஆயுசு முழுக்கக் கபடி சொல்லிக்கொடுத்தவரைக் கூப்பிட்டு, இனிமேல் ரக்பி அணியும் வேண்டும் என்று சொல்லிவிட்டது நிர்வாகம். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, மறிக்கிறவர்களை மீறி, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்கிற ஆட்டம். பக்கத்து ஊர்ப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்த ஜெசிந்தா மாநில அணிக்கு ஆடியவர். அவர் நடத்திய முகாமில் பத்து நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தார் வைரமணி. அன்றிலிருந்து அவரைக் 'குருவே' என்றுதான் கூப்பிடுவார். அவரோ இவரை 'சார்' என்பதை விடவில்லை.

அந்த வருஷம் வெளியூர் மைதானத்தில் நடந்த அரையிறுதியில் பையன்கள் தோற்றார்கள். தோற்றதுகூடப் பரவாயில்லை, தோற்ற விதத்தைத்தான் வைரமணியால் பொறுக்க முடியவில்லை. ஐந்து முறை கோட்டை நெருங்கினார்கள். ஐந்து முறையும் கோட்டுக்கு நாலு தப்படி இருக்கும்போது கால் தயங்கியது. அந்த ஒரு நொடி போதும், எதிராளிகள் வீழ்த்திவிட்டார்கள். அதில் மூன்று முறை பந்து இருந்தது கேப்டன் தவசியின் கையில்.

தவசி விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். அணியிலிருந்து எடுத்தால் விடுதி இடம் போகும், விடுதி போனால் படிப்பும் போகும். வைரமணிக்கு அது தெரியும். தெரிந்துதான் அவனை நீக்கச் சொல்லி முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கொடுப்பதற்கு முன்னால் குருவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரை வரச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் ஜெசிந்தா பஸ்ஸில் வந்து இறங்கினார். கேட்டிலேயே ஆரம்பித்துவிட்டார் வைரமணி.

"நடு மைதானத்துல புலி மாதிரி பாயறானுங்க, குருவே. கோட்டுகிட்ட போனா பூனை. பயந்தாங்கொள்ளிங்க. இவனுங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஜெசிந்தா மைதானத்தின் மறுகோடி வரை நடந்தார். கோட்டில் கோல் கம்பம் நட்டிருந்தது அந்த ஒரு முனையில்தான். பயிற்சியெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துத்தான். கம்பத்தைத் தாண்டி மூன்றே தப்படியில் ஒரு சுவர். வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று நிர்வாகம் போன வருஷம் எழுப்பியது. வெள்ளைச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு வரிசையாகச் செம்மண் கைகள் பதிந்திருந்தன.

"இதெல்லாம் யாரு கை, சார்?"

கேட்டதும் வைரமணிக்குப் பழைய கோபமும் வந்து சேர்ந்துகொண்டது. எல்லாம் இந்தப் பசங்களின் வேலைதான் என்றார். கேப்டன்தானே பொறுப்பு என்று தவசியை மூன்று தடவை வெள்ளையடிக்க வைத்தாயிற்று, அடித்த மறுநாளே ஒரு கை வந்து விழும் என்றார்.

"திமிரு, குருவே. வேணும்னே பண்றானுங்க."

முந்தின நாள் பெய்த மழையில் தரை சேறாகக் கிடந்தது. அதில் கிடந்த பந்தைக் காலால் அவர் பக்கம் உருட்டினார் ஜெசிந்தா.

"நடுக்கோட்டுலேருந்து முழு வேகத்துல ஓடி வாங்க சார். கோட்டைத் தாண்டி வையுங்க."

"நானா? எதுக்கு?"

"பயமில்லாத ஆளு ஓடினா எப்படி இருக்கும்னு பாக்கணும். மறிக்கக்கூட ஆள் இல்ல."

வைரமணிக்குச் சுருக்கென்றது. பந்தை அள்ளிக்கொண்டு ஓடினார். பழைய கபடிக் கால், இன்னும் சத்து இருந்தது. கோடு வந்தது. கோட்டோடு சேர்ந்து சுவரும் வந்தது. அவர் ஒன்றும் நினைக்கவில்லை. குதிகால் தானாக மண்ணில் ஊன்றியது, இடுப்பு பின்னால் போனது. பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்த வேகத்தில் கை சுவரில் பட்டென்று விழுந்தது.

"இன்னொரு தரம், சார். இந்தத் தடவை தயங்காம."

இன்னொரு தரமும் ஓடினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். கை மறுபடி சுவரில் விழுந்தது.

குதிகால் ஊன்றிய இரண்டு இடத்திலும் ஜெசிந்தா ஒவ்வொரு குச்சி நட்டிருந்தார். இரண்டு குச்சிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. கோட்டுக்கு நாலு தப்படி முன்னால். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், அந்த ஒரு பட்டையில் மட்டும் புல்லே இல்லை. தினமும் அங்கே ஊன்றிப் பழகிய கால், சுவரில்லாத மைதானத்திலும் அதே இடத்தில்தான் தயங்கியிருக்கிறது.

வைரமணி குச்சியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவ்வளவுதான், இருந்த கோபமெல்லாம் திசை மாறிப் பாய்ந்தது. பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் சுவர் எழுப்புவார்களாம், அப்புறம் கோப்பை எங்கே என்று கேட்பார்களாம். கேட்க ஆளில்லை என்ற நினைப்பு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டு, நிர்வாகத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று எழுதுகிறேன், இப்போதே போகிறேன் என்று குதித்தார்.

"போங்க சார், போகத்தான் வேணும்," என்றார் ஜெசிந்தா. "சுவர் வந்ததுக்கப்புறம் கோட்டைப் போட்டது யாரு?"

வைரமணி குனிந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்.

கோட்டைப் பதினைந்து தப்படி உள்ளே தள்ளிப் போட்டிருக்கலாம். போட்டால் மைதானம் நூறு மீட்டருக்கும் கீழே போய்விடும். சுற்றுவட்டாரத்திலேயே முழு அளவு மைதானம் எங்களுடையதுதான் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஓர் அடிகூட விட்டுத்தர மாட்டேன் என்று, பழைய இடத்திலேயே அவர்தான் சுண்ணாம்பைக் கொட்டினார். அன்றைக்கு ஒரு பையன் வந்து, சார், கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடலாமா என்று கேட்டான். ஆடுற வேலையைப் பாருடா என்று விரட்டினார். அந்தப் பையன் தவசி.

"நான்தான் போட்டேன்," என்றார் கடைசியில்.

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"தவசிகிட்ட நான் என்ன சொல்லட்டும், குருவே?"

ஜெசிந்தா சுவரைப் பார்த்தார். புதிதாக விழுந்த இரண்டு கைகள், மற்றதைவிடப் பெரியவை, இன்னும் காயவில்லை.

"நாலாவது தடவையும் வெள்ளையடிக்கச் சொல்லுங்க, சார். இந்த ரெண்டு கையை மட்டும் விட்டுடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு நடந்தார். கேட்டைத் தாண்டும் வரை திரும்பவில்லை.

வைரமணி சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுக்கப் போனார். கையெல்லாம் மண். அந்தக் கையைக் கழுவாமலே, தவசியைத் தேடி விடுதிப் பக்கம் நடந்தார்.