நின்றால் உதறும் வண்டி

"ஓடுறப்ப ராசா மாதிரி ஓடுதும்மா. நின்னாத்தான் உதறுது" என்றார் சீடர் பலவேசம்.

கட்டிலும் அடுப்பும் உள்ளேயே வைத்துக் கட்டிய பழைய பெட்ரோல் வேன். அவருக்கு வீடும் அதுதான். மடத்து வாசலில் நின்று, ஜுரம் கண்ட பிள்ளை மாதிரி நடுங்கியது. உள்ளே சட்டிபானையெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டது.

மடத்துக் குரு ஆவுடையம்மா எட்டிப் பார்த்தார். அவருக்கும் பலவேசம் வயதுதான்.

"ஓடுறப்ப அந்தக் கோளாறு இல்லையா?"

"இல்லம்மா."

"இல்லையா, தெரியலையா?"

பலவேசத்துக்கு எரிச்சல் வந்தது.

"வண்டிக்கு வழி கேட்டா வேதாந்தம் பேசுறீங்களே! பிளக்கு மாத்தியாச்சு. இன்ஜெக்டர் கழுவியாச்சு. எதுக்கும் அடங்கல."

"அப்படி எங்க போய் நிக்கணும்?"

பலவேசம் உதறும் வண்டிமேல் கையை வைத்தார்.

"மக செண்பகம் வீட்டு வாசல்ல. அவ அம்மா செத்தப்ப நான் ஊர் ஊராச் சுத்திக்கிட்டிருந்தேன். எரிச்சு, காடாத்தும் முடிஞ்சப்புறம்தான் சேதியே தெரியும். அதுலருந்து பேச்சு இல்ல. போன மாசம் போனேன். வாசல்ல நிறுத்துனா வண்டி உதறுது. இன்ஜினை அணைச்சா திரும்ப எடுக்குமோ என்னமோ. செண்பகம் கதவைத் திறக்கிறதுக்குள்ள கிளம்பி வந்துட்டேன்."

ஆவுடையம்மா சொம்பில் தண்ணீர் எடுத்துவந்தார்.

"பானெட்டைத் திறங்க. இன்ஜின் ஓடட்டும்."

உள்ளே இருந்த ரப்பர் குழாய்கள்மேல் விரலால் தெளித்தார்.

"நல்ல கூத்து! பேய் ஓட்டுறீங்களாக்கும்?"

இங்கே ஒரு சொட்டு. அங்கே ஒரு சொட்டு.

ஒரு குழாயின் வளைவில் தண்ணீர் பட்டதும் நடுக்கம் சட்டென்று அடங்கியது. அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு, மறுபடி உதறியது.

பலவேசம் குனிந்து பார்த்தார். மயிரிழை போல ஒரு வெடிப்பு. அது வழியே வேண்டாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஓடும்போதும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, கம்பியால் இறுக்கினார். வண்டி நின்ற இடத்தில் நிம்மதியாக நின்றது.

சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், வேர்த்துப்போய் நின்றார்.

"அம்மா... அங்க போய் அணைச்சு, திரும்ப எடுக்கலேன்னா?"

ஆவுடையம்மா பானெட்டைச் சாத்தினார்.

"எடுக்கலேன்னா, அங்கேயே இருங்க."