சோப்பு தடவிய ஈயக்கட்டி

நம்புராஜனின் விசைப்படகு மூன்று முறை கடலுக்குப் போய், மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியது. இருபது வருடமாக அவர் கடலடியை உரசி இழுவைமடி வலை இழுத்த இடத்தில் இப்போது சேறுதான் வந்தது. மனுஷன் அசரவில்லை. இரும்பு உருளைகள் கோத்த புது மடி ஒன்றைத் தயார் செய்துகொண்டு சேதுக்கனியம்மாவின் மடத்துக்கு வந்துவிட்டார்.

சேதுக்கனியம்மா துறவு பூணும் முன் கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவர். நம்புராஜனைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் அவருக்குக் குரு. அம்மா குங்குமம் வைக்காத புது மடியோடு அந்தக் கரையில் ஒரு ஆளும் படகேற மாட்டார்.

கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டுக்கு அந்தக் கரையில் 'பார்' என்று பெயர். சாதாரண மடி அதில் பட்டால் கிழிந்துவிடும்.

"இந்த மடி பாரு மேலயே உருண்டு போகும் தாயி," என்றார் நம்புராஜன்.

"பாருல என்னண்ணே இருக்கு?"

"மீனுதான். வேறென்ன?"

அம்மா இரண்டு ஈயக்கட்டிகளின் அடியில் சோப்பைக் குழைத்து அப்பினார். ஒன்றை வழக்கமாக மடி இழுக்கும் இடத்திலும் மற்றதைப் பாரிலும் கயிறு கட்டி இறக்கி, எடுத்து வரச் சொன்னார். நம்புராஜனின் அப்பா தூண்டில் போடும் முன் கடலடியை அப்படித்தான் பார்த்துக்கொள்வார். படகில் கடலடியைக் காட்டும் கருவி வைத்திருப்பவனுக்குச் சோப்பா என்று நம்புராஜனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் குரு சொல்லைத் தட்டவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

முதல் கட்டியில் சாம்பல் நிறச் சேறு மட்டும், மெழுகிவிட்ட தரை மாதிரி. இரண்டாவதில் செம்பாசி இழை, சிப்பித் துண்டு, ஒரு நண்டுக்கால். ஓரத்தில் ஏதோ மீன் சோப்பைக் கடித்துப் பார்த்த தடம்கூட இருந்தது.

"பாத்தீங்களா தாயி, அங்க கொட்டிக் கெடக்கு. குங்குமத்த வைங்க. விடிஞ்சதும் கெளம்பிர்றேன்."

அம்மா சேறு ஒட்டிய கட்டியைக் கையில் எடுத்தார்.

"இதே எடத்துல உங்க அப்பா எறக்குனப்ப என்னண்ணே ஒட்டுச்சு?"

நம்புராஜனுக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் பயமாக இருந்தது.

"பாசி," என்றார் கடைசியில். "சிப்பி. நண்டுக்கால்."

அம்மா இரண்டு கட்டிகளையும் அவர் முன்னால் வைத்துவிட்டுக் குங்குமச் சிமிழைத் திறந்தார்.

"வைக்கிறேண்ணே. நாளப்பின்ன உங்க மகன் பாருல கட்டிய எறக்குவான்ல, அவனுக்கு இந்த ரெண்டுல எது வரணும்னு மட்டும் சொல்லுங்க."