குழாயின் வாய்

செட்டிபாளையம் சாலையில் கார்களுக்கு வேகம் கூட்டித் தருகிற பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவள் குமுதவல்லி. பந்தயத்தில் வண்டி ஓட்டியவள், வயது முப்பத்து மூன்று. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவன் வெள்ளிங்கிரி. அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவன். அவன் அவளை மாஸ்டர் என்பான், அவள் அவனை அண்ணா என்பாள். இதில் அவர்கள் இருவருக்கும் கூச்சம் எதுவும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

ஒருநாள் வெள்ளிங்கிரி கேட்டான்.

"மாஸ்டர், இன்ஜினுக்குக் காத்து இழுக்கறதுல எதுங்க நல்லது? கம்பெனிக்காரன் வெச்ச டப்பாவா, கூம்பு ஃபில்டரா, கீழ வரைக்கும் எறக்கிவிடற நீளக் குழாயா?"

"யாரு வண்டிக்குங்ணா?"

"யாரு வண்டியா இருந்தா என்னுங்க? நல்லதுன்னு ஒண்ணு இருக்குமல்ல?"

குமுதவல்லி டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். வார்த்தையைச் செலவழிப்பதில் அவள் மகா கஞ்சம்.

உண்மையில் அது அவனுடைய சொந்த வண்டிக்குத்தான். அவன் மனைவி வளர்மதிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரந்தோறும் டயாலிசிஸுக்காக டவுன் ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் கூட்டிப்போவான். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் கோர்த்துக்கொள்ளும். படுத்தால் மூச்சு முட்டும். போன மாதம் ஒருநாள் செங்கல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். முந்தப் பார்த்தால் வண்டியில் இழுவை இல்லை. உருண்டு உருண்டு போய்ச் சேர்வதற்குள் அவளுடைய முறை வேறொருவருக்குப் போய்விட்டது. அன்று விடிய விடிய வளர்மதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள். வெள்ளிங்கிரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். ஒரு இரும்புச் சாமானை அவன் அவ்வளவு வெறுத்தது அதற்கு முன் கிடையாது.

முதலில் கூம்பு ஃபில்டரை மாட்டினான். சக்கரங்களை உருளையின் மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கிற மேடையில் வண்டியை ஏற்றினான். போனெட்டைத் திறந்து வைத்து, எதிரே ஆளுயர ஃபேனைச் சுழலவிட்டான். பட்டறைகளில் அப்படித்தான் அளப்பார்கள். திரையில் எண் ஏறியது.

"பாருங்க மாஸ்டர்! எப்படி ஏறுதுன்னு பாருங்க!"

"போனெட்டை மூடுங்க. ஃபேனை நிறுத்துங்க."

மூடினான், நிறுத்தினான். சிக்னலில் நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் வண்டியைச் சும்மா ஓடவிடச் சொன்னாள். பிறகு அளந்தால், எண் பழைய டப்பா காட்டியதற்கும் கீழே இறங்கியிருந்தது. ஃபில்டர் குழாயைத் தொட்ட வெள்ளிங்கிரி கையை உதறினான். இன்ஜின் தன் சூட்டையே திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது.

"டவுனுக்குள்ள யாருங்ணா போனெட்டைத் தூக்கிட்டு ஓட்டறாங்க?" என்றாள் குமுதவல்லி.

வெள்ளிங்கிரி லேசில் விடுகிற ஆள் இல்லை. சூடுதானே குற்றம், குளிர்ந்த காற்று இருக்கிற இடத்துக்கே வாயைக் கொண்டுபோனால் ஆயிற்று என்று கணக்குப் போட்டான். லேத்துப் பட்டறையில் இருபது வருஷம் உழைத்த கை அது. அலுமினியக் குழாயைத் தானே வளைத்து, பம்பருக்குப் பின்னால் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இறக்கினான். இந்த முறை போனெட்டை மூடி அளந்தான். எண் ஏறி நின்றது. சாலையில் லாரிகளை ஒரே மூச்சில் முந்தினான். மிதித்தால் முன்பக்கத்திலிருந்து ஒரு உறிஞ்சல் சத்தம் வரும். அதைக் கேட்கவே வேண்டுமென்று மிதிப்பான்.

குமுதவல்லி குனிந்து குழாயின் வாயை ஒருதரம் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. பாராட்டத்தான் வார்த்தை வரவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான்.

மழை பிடித்தது.

மூன்றாம் நாள் காலையிலும் விடாமல் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பட்டறைக்கு வந்து, வளர்மதியைக் கூரைக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருந்தான். அவள் கால்கள் வீங்கியிருந்தன. பேச்சு துண்டு துண்டாக வந்தது. சாமான் கொண்டுவந்த வேன்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"ரயில் பாலத்துக்கடியில தண்ணி நிக்குதுங்க. ஆனா காரெல்லாம் மெதுவாப் போயிட்டுத்தான் இருக்குது."

சுற்றுவழியில் போனால் முறை தவறிவிடும். வெள்ளிங்கிரி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"பொறப்படறேனுங்க மாஸ்டர்."

"சாவியைக் குடுங்க."

கொடுத்தான். குமுதவல்லி அவனுடைய காரில் ஏறி, பின்னால் வண்டி கழுவுகிற வாட்டர் வாஷ் குழிக்குள் முகம் கீழாக இறக்கி நிறுத்தினாள். சரிந்து இறங்குகிற குழி அது. பள்ளத்தில் ஏற்கெனவே கணுக்கால் அளவு மழைத் தண்ணீர். வடிகிற ஓட்டையில் சாக்கைத் திணித்தாள். சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தாள். மோட்டாரைப் போட்டுப் பெரிய ஹோஸை உள்ளே தூக்கிப் போட்டாள்.

"அண்ணா, எறங்கிக் குப்புறப் படுங்க. உங்க மூக்கு அந்தக் குழாய் வாய்க்கு நேரா இருக்கோணும்."

அவன் காதில் விழுந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை.

"எனக்கு வெளையாட நேரமில்லைங்க மாஸ்டர்!" அவளிடம் அவன் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "அங்க பாருங்க, அவ மூச்சு வாங்கிட்டு ஒக்காந்திருக்கா!"

"அதனாலதான் சொல்றேன். படுங்க."

நாற்காலியிலிருந்து வளர்மதி சொன்னாள். "படுங்க... மாஸ்டர்... சும்மா சொல்ல மாட்டாங்க."

படுத்தான். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிக்கொண்டான். நாற்பத்தைந்து வயதில், கொட்டுகிற மழையில், பெண்டாட்டி பார்க்கச் சேற்றுத் தண்ணீரில் கிடக்கையில் அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றோடு இந்தப் பட்டறைக்கு ஒரு கும்பிடு என்று மனதுக்குள் முடிவு கட்டினான்.

குமுதவல்லி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இன்ஜினை உயிர்ப்பித்தாள். மிதித்தாள்.

அவன் ஆசையாகக் கேட்கிற அதே சத்தம் இப்போது காதை ஒட்டிக் கேட்டது. கிட்டத்தில் அது வேறு மாதிரி இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வளர்மதி இழுத்த மூச்சுதான் அது.

தண்ணீர் முழங்கையைத் தாண்டியது. சட்டைப் பையை நனைத்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் இடமிருக்கிறது என்று நினைத்தான். கழுத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தாடையில் பட்டது. மாஸ்டர் இதோ நிறுத்திவிடுவாள் என்று நினைத்தான்.

அவள் நிறுத்தவில்லை.

ஹோஸ் ஒருதரம் துள்ளிப் புரண்டது. ஒரு சின்ன அலைதான். அது அவன் மூக்குக்குள் ஏறியது. வெள்ளிங்கிரி அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தான். கண்ணீரும் இருமலுமாக, ஒரு கையால் பம்பரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குழாயின் வாயைப் பொத்தினான்.

"ஆஃப் பண்ணுங்க மாஸ்டர்! ஐயோ, ஆஃப் பண்ணுங்க!"

இன்ஜின் நின்றது. குமுதவல்லி இறங்கி மோட்டாரை நிறுத்தினாள். காலால் சாக்கைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் வடியத் தொடங்கியது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்த வளர்மதி அப்படியே நின்றாள்.

"ஏனுங்ணா எந்திரிச்சீங்க?"

"தண்ணி மூக்குக்கு வந்துருச்சுங்க. எந்திரிக்காம என்ன பண்றது?"

குமுதவல்லி குழாயின் வாயைப் பார்த்தாள்.

"பாலத்துக்கிட்ட நான் பார்த்துத்தான் ஓட்டுவேனுங்க மாஸ்டர்," என்றான்.

"இப்பவும் தண்ணி வர்றதைப் பார்த்துட்டுத்தானுங்ணா இருந்தீங்க."

வெள்ளிங்கிரியின் உள்ளங்கை இன்னும் குழாயின் வாயிலேயே இருந்தது. குமுதவல்லி அலமாரியிலிருந்து, வாய் உயரத்தில் இருக்கிற கம்பெனி டப்பாவையும் ஸ்பேனரையும் கொண்டுவந்தாள். ஸ்பேனரை அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

"இதைப் போட்டா மறுபடியும் பழைய இழுவைதானுங்க மாஸ்டர். எவனாவது லாரிக்காரன் முன்னால நின்னா நான் என்ன பண்ணட்டும்?" குழாயை விடாமல் பிடித்துக்கொண்டான். "சொல்லுங்க. ஒரு சாண் தண்ணிக்காக இவ்வளவு வேகத்தை விடச் சொல்றீங்களா?"

குமுதவல்லி ஸ்பேனரை அவன் கையில் வைத்து அழுத்தினாள்.

"மூக்குக்குத் தண்ணி வந்ததும் நீங்க எந்திரிச்சுட்டீங்க. இன்ஜின் எந்திரிக்காதுங்ணா, தண்ணியைக் குடிச்சுட்டுப் பாலத்துக்கடியிலயே நின்னுரும். உள்ள அக்கா இருப்பாங்க."