கழுவாத கோப்பையில் குழந்தை ஏசு

தீர்ப்புச் சொல்லப் பிடித்தவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். கதை நடந்தது டெக்ஸாஸில், சான் அன்டோனியோ நகரத்தின் ஒரு சின்னத் தெருவில். அங்கே கிராசியேலா என்ற மெக்சிகோ வம்சாவளிப் பெண் ஒரு காபிக் கடை வைத்திருக்கிறாள். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் பேசுவது ஸ்பானிஷ் பாதி, ஆங்கிலம் பாதி. நான் நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் வசதி.

அந்தக் கடையில் பரிமாற ஆள் கிடையாது. பட்டையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய காபி பெரிய மண்பானையில் ஆவி பறக்க இருக்கும். நீங்களே அகப்பையால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும், குடித்த கோப்பையை நீங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். கழுவுகிற விஷயத்தில் மட்டும் கிராசியேலா யாருக்கும் தயவு காட்டமாட்டாள். தலைக்கு மேல் வண்ணக் காகிதத் தோரணம், ஓயாத பாட்டு, சுவரெல்லாம் அந்த வட்டாரத்து ஓவியர்களின் படங்கள். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவருக்குத்தான் மவுசு. உள்ளே வருகிறவர் கண் முதலில் அங்கேதான் விழும்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரும். அன்று வளையம் போல ஒரு பெரிய இனிப்பு ரொட்டியைக் கடை நடுவில் வைப்பார்கள்; அவரவர் துண்டை அவரவர் வெட்டிக்கொள்ள வேண்டும். ரொட்டிக்குள் குழந்தை ஏசுவின் குட்டிப் பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவர் பிப்ரவரித் திருநாளுக்கு எல்லாருக்கும் தமாலே செய்து போட வேண்டும். சோள மாவில் இறைச்சி வைத்து, சோளத் தோகையில் மடித்து அவிக்கிற பண்டம் அது. ஊருக்கே செய்து முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அதனால் பொம்மை பல்லில் பட்டதும் கமுக்கமாக ஒளித்துவிடுகிற ஆசாமிகளும் அங்கே உண்டு.

இந்த வருடம் கடைசித் துண்டை வெட்டிக்கொண்டவள் ஓஃபெலியா. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், பறவைகளை வரைகிறவள். வாய் நீளம், மனசும் தாராளம். அந்த நேரம் பார்த்து ராஃபேல் வந்து சேர்ந்தான். பச்சை குத்துகிற கலைஞன், எதற்கும் தாமதமாக வருகிறவன். காலித் தட்டைப் பார்த்து அவன் முகம் தொங்கிப்போயிற்று. ஓஃபெலியா தன் துண்டைப் பிட்டுப் பாதியை நீட்டினாள்.

"இந்தா, தின்னு. உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."

இரண்டாவது கடியிலேயே ராஃபேலின் பல்லில் கடக்கென்று ஏதோ பட்டது. அடுப்படி என்றாலே அவனுக்கு அலர்ஜி. இருமுவது போல் பாவலா காட்டி, பொம்மையைத் தன் காபிக் கோப்பைக்குள் துப்பினான். கோப்பையைக் கழுவாமல் தொட்டியோரம் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை போல் வந்து உட்கார்ந்துகொண்டான்.

அடுத்துத் தொட்டிக்குப் போனவள் மரிய புஷ்பம். நாகர்கோவில்காரி. அந்தத் தெருவுக்குக் குடிவந்ததிலிருந்து இங்கேதான் காபி. அவளும் படம் வரைவாள், ஆனால் யாரிடமும் காட்டியதில்லை. வரைந்தவையெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் கிடந்தன. அந்த எதிர்ச் சுவர் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. கேட்கத்தான் நாக்கு எழவில்லை. தன் கோப்பையைக் கழுவியவள், பக்கத்தில் யாரோ போட்டுவிட்டுப் போனதையும் கையோடு எடுத்தாள்.

"ஐயோ ஏசுவே, எச்சிக் கப்புக்குள்ளயா கெடக்கீரு! ஆரு போட்டது?"

அலறியது தமிழில்தான். ஆனாலும் கடையே திரும்பிப் பார்த்தது.

கிராசியேலா வழக்கத்தை அவளுக்கு விளக்கினாள். "இது உன் துண்டுல வரல, மரியா. நீ சமைக்கணும்னு கட்டாயம் இல்ல."

"குழந்தை கைக்கு வந்தாச்சு, திருப்பியா அனுப்ப முடியும்? நான் செய்யிறேன். நாங்க வாழையிலையில மடிச்சு அவிப்போம், நீங்க தோகையில மடிக்கிறீங்க. கத்துக்கிட்டாப் போச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். அதுவரை யாரிடமும் மூச்சு விடாத ஒன்றைக் கிராசியேலா அப்போதுதான் சொன்னாள்: "இந்தத் தடவை பொம்மைக்காரங்களுக்கு ஒரு பரிசும் இருக்கு. எதிர்ச் சுவர் ஒரு வருஷத்துக்கு அவங்களோடது!"

புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஃபேல் துள்ளி எழுந்தான்.

"அது என் பொம்மை! தலையப் பாருங்க, என் பல்லுத் தடம் இருக்கு!"

ஓஃபெலியா விடுவாளா? "துண்டு யாருதுடா? நான் வெட்டினது. உனக்கு ரொட்டியைக் குடுத்தேன், சாமியையும் சேர்த்தா குடுத்தேன்?"

கூச்சல் ஏற ஏறப் புஷ்பம் பயந்துபோனாள். "எனக்குச் சுவர் வேண்டாம், சமையல் மட்டும் செய்யிறேன்," என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் நிறைந்துவிட்டது, பாவம்.

துண்டை வெட்டியவள் ஒருத்தி, பொம்மையைக் கடித்தவன் ஒருவன், கோப்பையிலிருந்து எடுத்தவள் ஒருத்தி. மூவரும் வரைகிறவர்கள், சுவரோ ஒன்று. நீங்களே சொல்லுங்கள், சுவர் யாருக்குச் சேர வேண்டும்?

என் கணக்கு இது. ஓஃபெலியா பாதித் துண்டைக் கொடுத்தபோதே அதற்குள் இருந்ததையும் கொடுத்துவிட்டாள். பிறகு விலை தெரிந்ததும் திருப்பிக் கேட்பது அழகில்லை. ராஃபேலின் பல்தடம் அவனுக்கே எதிர்ச் சாட்சி. பொம்மை என்று தெரிந்துதான் துப்பினான். வேலையை உதறியவனுக்கு அதோடு வருகிற பரிசும் கிடையாது. புஷ்பமோ, கட்டாயமும் இல்லாமல், பரிசு இருப்பதும் தெரியாமல், வேலையைத் தலையில் ஏற்றுக்கொண்டாள். அவள் வேண்டாம் என்றது பயத்தில் சொன்னது, செல்லாது. கிராசியேலாவும் இப்படியே தீர்த்தாள். மறுநாள் புஷ்பத்தின் கட்டிலடிப் பெட்டி கடைக்கு வந்தது. முனகிக்கொண்டே ஆணி அடிக்க ஏணியில் ஏறியவள் ஓஃபெலியாதான். முதல் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். படத்தில் இருந்தது அவளே, வாய் கொள்ளாச் சிரிப்போடு. "என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு இறங்கித் தெருவுக்கு ஓடினாள். போகிறவர் வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்துப் படம் பார்க்க உள்ளே இழுத்து வந்தாள்.